துரும்பு முதல் தீர்ப்பு வரை: தமிழகத்தில் மணவிலக்கின் வரலாறு

மணம் கூடுவதைப் பாடுவதற்குத் தமிழில் துறைகள் பல உள. காட்சி, ஐயம், தெளிவு எனத் தொடங்கி வரைவு கடாதல், அறத்தொடு நிற்றல், உடன்போக்கு என அவை விரிந்து செல்கின்றன. கூடிய மணம் குலையும் நிலையைப் பாடுவதற்கும் புலவி, ஊடல், பரத்தையிற் பிரிவு எனச் சில துறைகள் உள. கூடிய மணம் முறையாக முடிந்து, இருவரும் தத்தம் வழியே செல்வதைப் பாடுவதற்கு மட்டும் துறை ஒன்றும் இல்லை. இலக்கணம் வகுத்தோர் அதற்கு இடம் விடவில்லை. ஆயினும் ஊர் வாழ்க்கை இடம் விட்டது. பின்னர்ச் சட்டமும் இடம் விட்டது. இவ்வளவு காலமும் நம் சொல் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைக் காண முயல்வதே இக்கட்டுரை.

இப்பொருளை நான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நம் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் கவிதை வாசிக்க வந்த சகோதரி ஒருவரை அறிமுகம் செய்தவர், "இளம் வயதிலேயே வாழ்வை இழந்தவர்" என்று கூறினார். இரக்கத்தோடுதான் கூறினார். அச்சகோதரி கணவரைச் சாவுக்குக் கொடுத்தவர் அல்லர், குடும்ப நீதிமன்றத்தின் வழியே தம் மணத்தை முடித்துக்கொண்டவர், பணியில் இருப்பவர், மகளைப் படிக்க வைப்பவர். அவர் மறுமொழி ஒன்றும் கூறாமல் கவிதையை வாசித்துவிட்டு அமர்ந்தார். கூட்டத்தில் இருந்த நாமும் ஒன்றும் கூறவில்லை. மொழியையே தொழிலாகக் கொண்ட நான் அன்று வாய் திறவாதிருந்தது இன்றும் என்னை உறுத்துகின்றது. பத்தாண்டு நிறைவு மலரில் அந்த உறுத்தலை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

பேகனிடம் சென்ற புலவர்கள்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன் மயிலுக்குப் போர்வை அளித்தவன் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்தான் என்பதை அந்த அளவிற்கு நாம் எடுத்துச் சொல்வதில்லை. புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்கள் இச்செய்தியைப் பற்றியன. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் நால்வர் அவற்றைப் பாடினர். தமக்குரிய பரிசிலை வேண்டாது, அவன் மனைவியிடம் திரும்பிச் செல்லுதலையே பரிசிலாக வேண்டும் போக்கை இப்பாடல்களிற் காண்கின்றோம். தலைவன் தலைவியரைச் சேர்த்து வைக்கும் வாயில்களாகத் தோழி, பாணன், அறிவர் உள்ளிட்ட பன்னிருவரைத் தொல்காப்பியக் கற்பியல் கூறுகின்றது. இங்கே பெரும்புலவர்கள் தாமே வாயில்களாயினர்.

இப்பாடல்களை நான் நடத்தி முடித்த ஒரு நாளில் மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, அந்தக் கண்ணகிக்குத் திரும்பி வாழ விருப்பமா என்று யாராவது கேட்டார்களா?" என்றாள். அன்று மாலை நூலை மீண்டும் புரட்டினேன். பரணர் பாடலொன்றில் அவள் பேசுகின்றாள். நீ பேகனுக்கு உறவினளோ என்று வினவியபோது, தாங்கள் அவனுக்கு உறவினர் அல்லர் என்று மறுக்கின்றாள். அவன் வேறொருத்தியை நாடி வருவதாகப் பிறர் சொல்லும் செய்தியைக் கூறுகின்றாள். அம்மறுப்பைப் புலவர் துயரத்தின் சொல்லாகக் கொண்டார். உரைகாரரும் அவ்வாறே கொண்டனர். அது துயரத்தின் சொல்லாகவே இருக்கலாம். ஒரு பெண் எண்ணிப் பார்த்துச் சொன்ன முடிவாக இருந்திருக்கவும் கூடும். அவ்வாறு கொள்வதற்கு அக்கால அகமரபில் இடம் இல்லை.

சேர்த்து வைத்தலையே அறமாகக் கருதும் இப்போக்கு நீதிமன்றத்திலும் நெடுங்காலம் நின்றது. பம்பாயில் 1884ஆம் ஆண்டு ருக்மாபாய் என்னும் பெண்ணின்மீது அவர் கணவர் வழக்குத் தொடுத்தார். பதினொரு வயதில் தமக்கு நிகழ்ந்த மணத்தை ஏற்று அவருடன் வாழ இயலாது என ருக்மாபாய் மறுத்திருந்தார். 1885இல் நீதிபதி பின்ஹே வழக்கைத் தள்ளினார். மேல்முறையீட்டிற்குப்பின் வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டு, 1887இல் கணவரிடம் செல்க, இல்லையேல் ஆறு மாதச் சிறை என ஆணை பிறந்தது. சிறைக்குச் செல்லவும் ஆயத்தம் என்றார் ருக்மாபாய். 1888இல் பணம் கொடுத்து வழக்குத் தீர்க்கப்பட்டது. பின்னர் அவர் இலண்டன் சென்று மருத்துவம் பயின்று திரும்பி, நெடுங்காலம் மருத்துவராகப் பணியாற்றினார்.

மணவாழ்வுரிமை மீட்பு எனப்படும் அந்த ஏற்பாடு ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்தது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவாக அது தொடர்ந்தது. 1983இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அப்பிரிவு அரசமைப்பிற்கு முரணானது எனத் தள்ளியது. 1984இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என உறுதி செய்தது. ஆயினும் காலப்போக்கில் அப்பிரிவின் பயன் திரும்பிவிட்டது. சேர்ந்து வாழுமாறு ஆணை பிறந்து ஓராண்டுக்குள் சேர்ந்து வாழாவிடின், அதனையே காரணமாகக் காட்டி இருவருள் எவரும் மணவிலக்குக் கோரலாம். சேர்க்க வந்த பிரிவு பிரிவதற்கும் வழியாயிற்று. வாழ்க்கை தனக்கு வேண்டிய வாயிலைத் தானே அமைத்துக்கொள்ளும் என்பதற்கு இது நல்ல சான்று.

துரும்பும் பரிசமும்

புலவர் பாடாததை ஊர் அறிந்திருந்தது. மணத்தை முடித்துக்கொள்ளுதல் மேலைநாட்டிலிருந்து வந்த வழக்கம் என்று மேடைகளில் இன்றும் சிலர் முழங்குகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. கௌடிலியரின் அர்த்தசாத்திரம், கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் வெறுப்பின் மணத்தினின்று விடுபடலாம் என்கின்றது. ஒருவருக்கு மட்டும் வெறுப்பு இருந்து மற்றவர் இசையாவிடின் விடுதலை இல்லை. அறமணங்கள் எனப்பட்ட நான்கு வகை மணங்களுக்கும் விடுதலை இல்லை. அந்நூல் இவ்விடுதலைக்கு ஆளும் வடசொல் "மோட்சம்" என்பதாகும். பிறவியினின்று விடுபடுதற்குரிய சொல்லையே மணத்தினின்று விடுபடுதற்கும் ஆண்டிருக்கும் துணிவு நோக்கத்தக்கது.

தமிழகத்து ஊர்களில் இவ்விடுதலைக்கு எளிய அடையாளம் ஒன்று இருந்தது. எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையுடன் 1909ஆம் ஆண்டு வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் அது பதிவாகியுள்ளது. மதுரைப் பகுதியில், பலரறியக் கணவன் மனைவி கையில் ஒரு துரும்பைக் கொடுப்பான். துரும்பு கொடுத்தல் என்றால் மணத்தை விடுதல். துரும்பு வாங்குதல் என்றால் அவ்விடுதலையை ஏற்றல். ஓலையும் எழுத்தும் அறியாத மக்கள், ஊரார் கண்ணையே ஆவணமாகக் கொண்டனர். அதன்பின் இருவரும் வேறு மணம் செய்துகொள்வர். "அறுத்துக்கட்டுதல்" என்னும் சொல் அதற்குப் பிறந்தது. பழைய தாலி அறுந்தது. புதிய தாலி கட்டப்பட்டது. நடந்ததை நடந்தவாறே கூறும் சொல் அது.

இவ்வழக்கம் நீதிமன்றப் படியேறியதும் உண்டு. 1894ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கொன்றில், இருவரும் இசைந்து, ஒருவர் மற்றவருக்குப் பரிசத்தைத் திருப்பிக் கொடுத்து மணத்தை முடித்துக்கொள்ளும் சாதி வழக்கம் கேள்விக்கு உள்ளாயிற்று. அவ்வழக்கம் ஒழுக்கக்கேடானது அன்று என நீதிமன்றம் ஏற்றது. சாத்திரம் மறுத்ததை வழக்கம் என்னும் பெயரால் சட்டம் ஏற்றது எனலாம்.

இதனை வைத்து அக்காலத்துப் பெண்கள் முழு உரிமையுடன் வாழ்ந்தனர் என்று கூறுவதும் பிழையாகும். துரும்பைக் கொடுத்த கை பெரும்பாலும் ஆணின் கை. பரிசத்தைத் திருப்ப வேண்டிய சுமை பெண்ணின் பிறந்த வீட்டில் விழுந்தது. பஞ்சாயத்தில் அமர்ந்தோர் ஆடவர். ஆயினும் வெளியேறிய பெண்ணுக்கு மீண்டும் ஒரு வீடு இருந்தது என்பதை மறுத்தல் இயலாது. பின்னர் நிகழ்ந்தது துயரமானது. தம்மை உயர்த்திக்கொள்ள விரும்பிய சமூகங்கள் பல, மேல் எனக் கருதப்பட்டோரின் வழக்கத்தைப் பின்பற்றித் தம் பெண்களின் மறுமணத்தைக் கைவிட்டன. "எங்களில் அறுத்துக்கட்டும் வழக்கம் இல்லை" என்பது பெருமையாயிற்று. நிகழ்ச்சியைக் கூறிய சொல் வசைச் சொல்லாக மாறியது. சட்டம் வருவதற்கு முன்னரே சொல் கதவை அடைத்துவிட்டது.

செங்கற்பட்டு மாநாடு முதல் 1949 வரை

ஆணுக்கு மணவிலக்கு ஏன் தேவைப்படவில்லை என்னும் வினாவைக் கேட்டால் இவ்வரலாற்றின் மையத்தை அடையலாம். அன்றைய இந்துச் சட்டத்தில் ஆடவன் எத்தனை மணமும் செய்துகொள்ளலாம். வேண்டாத மனைவியை விட்டுவிட்டு வேறொருத்தியைக் கொள்பவனுக்கு விலக்கு எதற்கு? அது தேவைப்பட்டது பெண்ணுக்கு மட்டுமே. ஆகவே ஒருதார மணமும் மணவிலக்கும் ஒரே கோரிக்கையின் இரு பக்கங்களாக வளர்ந்தன.

1929ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, கணவன் மனைவி இருவருள் எவரும் பிரிய விரும்பின் மண ஒப்பந்தத்தை நீக்கிக்கொள்ளும் உரிமை வேண்டும் எனத் தீர்மானித்தது. பெரியார் தம் "பெண் ஏன் அடிமையானாள்?" என்னும் நூலில் இதற்கென ஒரு தனிக் கட்டுரையை அமைத்து, அதற்குக் "கல்யாண விடுதலை" என்று தலைப்பிட்டார். தமிழில் மணவிலக்கைக் குறிக்க எழுந்த தொடர்களுள் இழப்பின் சாயல் சிறிதும் இல்லாதது இதுவே என்பது என் கருத்து. விவாகம் என்பதை "வாழ்க்கை ஒப்பந்தம்" என அவ்வியக்கத்தார் அழைத்ததிலும் இதே நோக்கம் உண்டு. ஒப்பந்தம் செய்தவர்கள் அதனை முடித்துக்கொள்ளவும் கூடும்.

இதில் ஒரு முரண் ஒளிந்திருந்தது. சடங்கின்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் கண்ணில் இல்லாத மணத்திற்கு விலக்கும் இல்லை. விலக்கினால் வரும் வாழ்க்கைப்பொருளும் இல்லை. முடித்துக்கொள்ளும் உரிமை வேண்டுமாயின், தொடங்கியது முதலில் ஏற்கப்பட வேண்டும். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் நிறைவேற்றப்பட்டு 1968இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்த்து, முன்னர் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லுபடியாக்கியது. அத்திருத்தத்தை மணவுரிமையின் வெற்றியாகவே பேசி வருகின்றோம். அது மணவிலக்குரிமையின் வெற்றியுமாகும்.

இதற்கிடையே சட்டமன்றங்களும் அசைந்தன. 1946ஆம் ஆண்டின் நடுவண் சட்டமொன்று, கணவன் வேறு மணம் செய்தல் முதலிய காரணங்களால் இந்து மனைவி தனித்து வாழ்ந்து வாழ்க்கைப்பொருள் பெற வழி செய்தது. மணம் முடியவில்லை, கூரை மட்டும் பிரிந்தது. பம்பாய் மாகாணம் 1947இல் இந்து மணவிலக்குச் சட்டத்தை இயற்றியது. சென்னை மாகாணம் 1949இல் இந்து இருதார மணத் தடுப்பு மற்றும் மணவிலக்குச் சட்டத்தை இயற்றியது. தலைப்பிலேயே இரண்டும் இணைந்திருத்தல் காண்க. நாடு முழுமைக்குமான இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவோ நாடாளுமன்றத்தில் தேங்கி நின்றது. அதனைக் கொண்டுவந்த அம்பேத்கர் 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியினின்று விலகியதற்கு அத்தேக்கமும் ஒரு காரணமாகும்.

திறந்த கதவுகள்

1955 மே 18ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்துத் திருமணச் சட்டம் முதன்முறையாக நாடு முழுதும் இந்துக்களுக்கு மணவிலக்கை வழங்கியது. ஆனால் அக்கதவு குறுகியது. கொடுமை செய்தலும் கைவிட்டுச் செல்லுதலும் நீதிமுறைப் பிரிவினைக்கு மட்டுமே காரணங்களாயின. மணவிலக்கிற்கு அவை போதா. அடிபட்ட பெண் தனித்து வாழலாம். மணத்தினின்று விடுபட முடியாது. 1976ஆம் ஆண்டுத் திருத்தமே இவ்விரண்டையும் மணவிலக்கிற்குரிய காரணங்களாக்கியது. அதே திருத்தம் 13ஆ என்னும் பிரிவின்வழி இருவர் இசைவால் பெறும் மணவிலக்கையும் கொணர்ந்தது. பதினைந்து வயதிற்கு முன் மணம் செய்விக்கப்பட்ட பெண், பதினைந்திற்கும் பதினெட்டிற்கும் இடையில் அம்மணத்தை மறுத்திருந்தால் அதனையே காரணமாகக் காட்டி விலக்குப் பெறலாம் என்னும் விதியும் அப்போதே சேர்ந்தது. ருக்மாபாய்க்குச் சிறை என்று ஆணையிட்ட 1887இலிருந்து எண்ணினால், அவருக்குரிய மறுமொழி வருவதற்கு 89 ஆண்டுகள் ஆயின.

இன்று இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் உள்ள வழிகளைத் தொகுத்துக் காண்போம். ஒருவருக்கு வாழும் துணை இருக்கையில் நடந்த மணம் தொடக்கம் முதலே இல்லாதது. அதனை நீதிமன்றம் அறிவிக்கும். வஞ்சனையாலோ வற்புறுத்தலாலோ பெற்ற இசைவில் நடந்த மணத்தை, உரிய காலத்திற்குள் வழக்கிட்டு நீக்கிக்கொள்ளலாம். மணத்தைக் கலைக்காமல் பிரிந்து வாழ விரும்புவோர்க்கு நீதிமுறைப் பிரிவினை உண்டு. காரணம் காட்டி ஒருவர் கோரும் மணவிலக்கு உண்டு. கொடுமை, இரண்டாண்டு கைவிடல், பிறர்மேற் சேறல், மதமாற்றம் முதலியன அக்காரணங்கள். தொழுநோயும் அவற்றுள் ஒன்றாக இருந்து 2019இல் நீக்கப்பட்டது.

இருவரும் இசைந்து பெறும் மணவிலக்கே இவற்றுள் அமைதியானது. ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருத்தல் வேண்டும். மனுச் செய்து ஆறு திங்கள் கழித்து, பதினெட்டுத் திங்களுக்குள் மீண்டும் வந்து இசைவை உறுதி செய்தல் வேண்டும். அதுவரை ஒருவர் மனம் மாறினாலும் மனு நில்லாது. சேர்ந்து வாழும் வாய்ப்பு முற்றும் அற்ற நிலையில் அந்த ஆறு திங்கட் காத்திருப்பை நீதிமன்றம் தளர்த்தலாம் என 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மீட்க இயலாதவாறு முறிந்த மணத்தை அக்காரணத்திற்காகவே கலைக்கலாம் எனச் சட்ட ஆணையம் 1978ஆம் ஆண்டு, தன் 71ஆம் அறிக்கையிலேயே பரிந்துரைத்தது, அது சட்டமாகவில்லை. உச்ச நீதிமன்றம் மட்டும் தன் தனியதிகாரத்தால் அவ்வாறு கலைக்கலாம் என 2023 மே 1ஆம் நாள் அரசமைப்பு ஆயம் தீர்ப்பளித்தது. டில்லி வரை செல்ல இயலாத எளியோர்க்கு அக்கதவு இன்னும் தொலைவில்தான் உள்ளது.

துரும்பு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, வழக்கத்தால் பெறும் மணவிலக்குரிமையைக் காத்தது. ஆனால் அத்தகைய வழக்கம் தம் சமூகத்தில் உண்டு என்பதை அதனைக் காட்டுவோர் மெய்ப்பித்தல் வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் முத்திரைத் தாளில் எழுதிக்கொண்ட விடுதலைப் பத்திரம், வழக்கம் மெய்ப்பிக்கப்படாவிடின் வெறும் தாளே. தமிழகத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2005இல் உச்ச நீதிமன்றம் இதனையே வலியுறுத்தியது. அப்பத்திரத்தை நம்பி மறுமணம் செய்துகொள்ளும் பெண்ணின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதல் மணம் முடியாமையால் இரண்டாம் மணம் செல்லாததாகும். பிறந்த குழந்தைகளைச் சட்டம் காக்கும். தாய்க்கு அந்த உறுதி இல்லை. நம் கல்லூரிகளுக்கு வரும் முதல் தலைமுறை மாணவியரின் வீடுகளில் இத்தகைய பத்திரங்கள் இன்றும் பெட்டியில் இருக்கின்றன. இதனை எடுத்துச் சொல்வதும் நம் கடமையே.

பிற சமயத்தாரின் வரலாறும் இத்தகைய ஏற்றத்தாழ்வுகளை உடையது. தமிழ் விவிலியம் "தள்ளுதற்சீட்டு" என்னும் அரிய சொல்லைத் தந்தது. ஆனால் 1869ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டத்தின்கீழ், கிறித்தவக் கணவனுக்கு மனைவியின் பிறழ்ச்சி ஒன்றே போதும். மனைவிக்கோ அதனுடன் கொடுமையோ ஈராண்டுக் கைவிடலோ பிறிதொன்றோ சேர்த்துக் காட்டுதல் வேண்டும். 2001ஆம் ஆண்டுத் திருத்தமே இருவரையும் நிகராக்கி, இசைவு மணவிலக்கையும் வழங்கியது. பதிவுத் திருமணம் எனப்படும் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் தொடக்கம் முதலே இசைவு மணவிலக்கு உண்டு. இசுலாத்தில் மணம் ஒப்பந்தமே ஆதலின், கணவன் சொல்லும் தலாக்கும் மனைவி கோரும் குலாவும் பண்டே உள்ளன. 1939ஆம் ஆண்டுச் சட்டம், கணவன் நான்காண்டு காணாமற் போதல், ஈராண்டு வாழ்க்கைப்பொருள் தராமை, கொடுமை முதலிய காரணங்களால் முசுலிம் பெண் நீதிமன்றத்தை நாட வழி செய்தது. அக்காலத்து இந்துப் பெண்ணுக்கு அவ்வழி இல்லை என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். ஒரே மூச்சில் மும்முறை கூறும் தலாக் செல்லாது என 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

தாலி இல்லாத இல்லங்கள்

மணம் செய்யாமலே சேர்ந்து வாழ்வோர்க்கு விலக்குத் தீர்ப்பு இல்லை. ஒருவர் எழுந்து சென்றால் அது முடிந்தது. ஆயின் சென்றவர் விட்டுச்சென்ற துணையின் நிலை யாது? 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், திருமணத்தின் தன்மையிலான உறவில் வாழ்ந்த பெண்ணுக்கும் உறைவிட உரிமையும் பொருளுதவியும் உண்டு என்றது. அத்தகைய உறவு எது என்னும் வினா, தமிழகத்து வழக்கொன்றின்வழி 2010இல் உச்ச நீதிமன்றத்தின்முன் வந்தது. மணம் செய்துகொள்ளும் தகுதி உடையோராய், உலகத்தார் முன் கணவன் மனைவி போன்று, கணிசமான காலம், தம் விருப்பத்தால் சேர்ந்து வாழ்ந்திருத்தல் வேண்டும் என அது வரையறுத்தது.

அத்தீர்ப்பில், பொருள் கொடுத்து ஆடவன் வைத்திருக்கும் பெண்ணைக் குறிக்க, நம் ஊரில் "வைப்பு" என்பதற்கு நேரான ஆங்கிலச் சொல் ஆளப்பட்டது. அன்று கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங், உச்ச நீதிமன்றம் ஒரு பெண்ணை அச்சொல்லால் குறிக்கலாமா என நீதிமன்றத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டுத் திங்களில், பெண்களைத் தாழ்த்தும் சொற்களைத் தீர்ப்புகளினின்று நீக்கும் பொருட்டு உச்ச நீதிமன்றமே ஒரு கையேட்டை வெளியிட்டது. விலக்கத்தக்க சொற்களின் வரிசையில் அச்சொல்லும் இடம்பெற்றது. நீதிமன்றம் தன் அகராதியைத் திருத்திக்கொண்டது. கவிஞர்களாகிய நாம் நம்முடையதைத் திருத்தினோமா?

சொல் என்னும் கடன்

என் பெரியம்மா ஒருவர், மணமான இரண்டாம் ஆண்டில் தாய்வீடு திரும்பி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே வாழ்ந்து மறைந்தார். அவர் திரும்பியபோது 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. அவருடைய நடுவயதில் 1976ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்துவிட்டது. மணவிலக்குப் பெற்ற பெண்ணும் மறுமணம் செய்யாத வரையில் "மனைவி" என்னும் சொல்லுள் அடங்கி வாழ்க்கைப்பொருள் கோரலாம் எனக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1973இலேயே விரித்துக் கூறியது; 2024 சூலை முதல் அதற்கீடாக வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கின்றது. இவற்றுள் எதனையும் அவர் நாடவில்லை. நாடுமாறு அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. ஊர் அவருக்கு ஒரே ஒரு சொல்லைக் கொடுத்திருந்தது: "வாழாவெட்டி." அவர் கடைசி வரை அதற்குள் இருந்தார். பெரியப்பா வேறு மணம் செய்துகொண்டார். அவரைக் குறிக்க ஊரில் ஒரு சொல்லும் இல்லை.

நம்மிடம் உள்ள சொற்களை அடுக்கிப் பார்க்கலாம். "விவாகரத்து" நீதிமன்ற வளாகத்தில் பிறந்தது. வடமொழி விவாகத்தோடு அரபு வழிவந்த ரத்து ஒட்டியது. அது வழக்கின் பெயர்; வாழ்வின் பெயராக அமையவில்லை. "மணமுறிவு" என்பதில் எலும்பு முறிந்த ஓசை கேட்கின்றது. "மணவிலக்கு" சற்று நடுநிலையானது. ஆயினும் விலக்கப்பட்டவள் யார் என்னும் வினா அதனுள் தொங்குகின்றது. "கல்யாண விடுதலை" மட்டும் நிமிர்ந்து நிற்கின்றது. அதனை மேடையில் விட்டுவிட்டோம், வீட்டிற்குள் கொண்டுவரவில்லை. மணம் முடிந்தபின் வாழும் பெண்ணைக் குறிக்கும் சொல் ஒன்றேனும் இழப்பின்றி இருக்கின்றதா எனத் தேடினேன். கிடைக்கவில்லை.

மணவிலக்கை நான் கொண்டாடச் சொல்லவில்லை. நீதிமன்றத் தாழ்வாரத்தில் குழந்தையை இடுப்பில் ஏந்திக் காத்திருக்கும் பெண்ணைக் கண்டவர் எவரும் அதனைக் கொண்டாட மாட்டார். 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த குடும்ப நீதிமன்றங்களில் ஆற்றுப்படுத்துநர் உளர். அவர்கள் பழைய வாயில்களின் வழியினர். சேர்த்து வைத்தல் நல்லறமே. ஆனால் சேர்ந்து வாழ இயலாது என்று ஒருத்தி சொல்லும்போது, அதனையும் ஒரு முடிவாக ஏற்றுக் கேட்கும் செவி வேண்டும். அன்று அக்கண்ணகி, தாங்கள் அவனுக்கு உறவினர் அல்லர் என்று கூறினாள். புலவர் நால்வர் அவள் பொருட்டுப் பாடினர். அவள் மறுப்பிற்கு விடையாக ஒரு பாட்டும் எழவில்லை.

அடுத்த பத்தாண்டிற்கு நம் வட்டம் பல திட்டங்களை வகுத்துள்ளது. அவற்றோடு சிறிய கடன் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகின்றேன். துரும்பு கொடுத்தல் என்னும் தொடரைத் தந்தவர்கள் எழுத்தறியா மக்கள். அதனினும் மேலான ஒரு சொல்லை, கற்ற நாம் ஆக்க இயலாதா? அது பிறக்கும் வரை செய்யத்தக்கது ஒன்று உண்டு. அச்சகோதரி மீண்டும் நம் மேடைக்கு வரும்போது, "கவிஞர்" என்று மட்டும் சொல்லி அவரை அழைப்போம்.